ஸ்கூட்டர் பாகங்களில் சாயம் உரித்து வெறும் உலோகம் எடுப்பது: பினாங்கு காற்றில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பழைய வெஸ்பா, லெம்பிரெட்டா பாகங்களை உரிக்கும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றில் பாதி உரிக்கும் நேரத்தில் வருவதில்லை. உரித்து முடித்து, பாகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் வருகின்றன. தீவிலும் சரி, அக்கரையில் பட்டர்வொர்த் பக்கமும் சரி, காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் ஒரு விதி மாறாது: அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தோ மெழுகு பூசியோ மூட முடிகிற அளவுக்கு மட்டும் உரியுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்: காந்தமும் எண்ணும்

ஒரு சின்னக் காந்தத்தைப் பாகம் முழுக்க நகர்த்திப் பாருங்கள்.

இறுக்கமாக ஒட்டினால் இரும்பு. வெஸ்பாவின் பாடி, லெக் ஷீல்டு (முன்பக்கக் கால் மறைப்பு), பழைய வண்டிகளின் பக்கக் கவர், போர்க், ஸ்டாண்டு, தகட்டு ரிம் எல்லாம் இதில் சேரும்.

ஒட்டவே இல்லை, ஆனால் தட்டினால் உலோகச் சத்தம் வருகிறது என்றால் அலுமினியக் கலவை. எஞ்சின் கேஸிங், ஹெட்செட் (ஹேண்டில்பார் வார்ப்பு), பிரேக் லிவர் போன்றவை. அளவுக்கு மீறிக் கனமாக இருக்கும் சிறு வார்ப்பு துத்தநாகக் கலவையாக இருக்கலாம். அதை அலுமினியம் போலவே நடத்துங்கள்.

இரும்புத் தகட்டில் ஓர் இடத்தில் மட்டும் காந்தம் தளர்ந்தால் அடியில் புட்டி (ஒடுக்கு நிரப்பும் பசை) இருக்கிறது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். பிறகு தேவைப்படும்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களில் கிரைண்டர், மணல் தாள், சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் அடிப்பது) மூன்றும் வேண்டாம். அங்கே பெயிண்ட் ரிமூவரும் நைலான் பிரஷும் போதும். எண் மழுங்கினால் சோதனையின்போதும் பெயர் மாற்றும்போதும் வண்டியே சிக்கலில் மாட்டும். வண்டியின் நிறம் மாறப்போகிறது என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன்பே நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: ரிமூவர் பூசியும் சாயம் கிளம்பவில்லை

முதலில் பார்க்க வேண்டியது வெயில். நேர் வெயிலில் சூடேறிய தகட்டில் ரிமூவர் ஐந்து நிமிடத்தில் காய்ந்து தோலாகிவிடும். காய்ந்த ரிமூவர் வேலை செய்யாது. நிழலுக்கு மாற்றி, தடிமனாக ஒரே திசையில் ஒரு தடவை பூசி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பிரஷை முன்னும் பின்னும் ஓட்டினால் மேலே உருவாகும் மெழுகுப் படலம் கிழிந்து மருந்து ஆவியாகும். 15 நிமிடம் கழித்து ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள்.

மேல் சாயம் சுருங்கி, அடியில் சாம்பலோ சிவப்போ அப்படியே நின்றால் அது பிரைமர். இரண்டாம் தடவை பூச வேண்டும், அவ்வளவுதான். பூசும் முன் 80 எண் மணல் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் மருந்து உள்ளே இறங்கும்.

இரண்டு தடவைக்குப் பிறகும் பிளாஸ்டிக் தோல் போல ரப்பராக எழும்பி நின்றால் பவுடர் கோட்டிங். மூடிவைக்கும் நேரத்தை ஒரு மணி நேரமாக்குங்கள். எழும்பிய தோலை உளியால் குத்தாமல் பிளாஸ்டிக் தகட்டால் தள்ளுங்கள்.

எதுவுமே அசையவில்லை, பாகமும் கண்ணாடி போலப் பளபளக்கிறது என்றால் அது சாயமே அல்ல, குரோம். குரோமை மணல் தாளால் எடுக்க முயல வேண்டாம். முலாம் பூசும் பட்டறையில் மின்சாரத் தொட்டியில்தான் அதை இறக்குவார்கள்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. சில ரிமூவர்களில் டைக்ளோரோமீத்தேன் இருக்கும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மெல்லிய மருத்துவக் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். சாதாரண வடிகட்டி முகமூடியும் அதன் ஆவியை நம்பகமாகத் தடுக்காது. இந்த வேலைக்குத் திறந்தவெளிதான் இடம். கதவை மூடிய ஸ்டோர் அறையிலும் குளியலறையிலும் ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய சாயம் என்றால் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகவே உரித்து, சுரண்டியதைக் கட்டி வையுங்கள். வீட்டு வாசல் கால்வாயில் ஊற்றினால் அது நேரே கடலுக்குத்தான் போகும்.

அறிகுறி 2: உரித்த இரும்பு அன்றைக்கே செம்மஞ்சளாகிறது

பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். துருவின் வடிவத்தைப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

*விரல் வடிவில் துரு:* வியர்வை. ஐந்து விரலும் உள்ளங்கை மேடும் அச்சாகத் தெரியும். 180 எண் தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். அதன்பின் உரித்த இரும்பைச் சுத்தமான கையுறை இல்லாமல் தொடவேண்டாம்.

*முழுப் பரப்பிலும் மெல்லிய ஒரே சீரான மஞ்சள்:* கழுவிய தண்ணீர், அல்லது காற்று ஈரம். கழுவிய பாகத்தைத் தானாகக் காய விடக்கூடாது. உடனே துடைத்து, ஹாட் கன் அல்லது ஹேர் டிரையரால் கை தாங்காத சூடு வரும்வரை ஓட்டுங்கள். மடிப்புக்குள் காற்று அடித்து நீரை வெளியேற்றுங்கள். ஏற்கெனவே மஞ்சள் வந்திருந்தால் சாம்பல் நிறத் தேய்ப்புப் பஞ்சும் தின்னரும் போதும். இவ்வளவு லேசான துருவுக்கு அமிலம் தேவையில்லை. அமிலம் போட்டால் அதைக் கழுவ மறுபடி தண்ணீர், மறுபடி மஞ்சள் என்று அதே சுற்றில் சுழல்வீர்கள்.

*முத்து முத்தாக நீர் நின்ற தடம்:* பாகம் வியர்த்திருக்கிறது. ஏர்கோன் அறையில் இராத்திரி வைத்த பக்கக் கவரைக் காலையில் வெளியே எடுத்தால், ஐஸ் தண்ணீர் கிளாஸ் போல நிமிடத்தில் நீர் கோக்கும். உலோகம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது சூடாக இருந்தால்தான் பிரைமர் அடிக்கலாம். இங்கே பனிப்புள்ளி 24, 25 டிகிரிக்கு எளிதில் போய்விடும். எனவே குளிர்ந்த உலோகத்தில் வாய்ப்பே இல்லை. வெளிக்காற்றில் ஒரு மணி நேரம் வைத்து, ஹாட் கன்னால் லேசாகச் சூடேற்றிய பிறகே தொடங்குங்கள். காலை பத்துக்குப் பிறகு ஆரம்பித்து, பிற்பகல் மழை இறங்கும் முன் முடிப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் பினாங்கில் மழை மிகுந்தவை. பாடி போன்ற பெரிய பாகத்தை அந்த மாதங்களில் வெளியில் உரிக்கத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

*குழிகளிலிருந்து மட்டும் கறுப்புப் புள்ளி எழுகிறது:* இதுதான் கடினமானது. பழைய துருக்குழிக்குள் கடல் உப்பு தங்கியிருக்கிறது. மேலே எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் அது மறுநாள் திரும்ப வரும். உறுதிப்படுத்த, சுத்தமான வடிநீரை லேசாகத் தெளித்து இருபது நிமிடம் விடுங்கள். குழியின் நடுவில் மட்டும் கறுத்தால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அதை எடுப்பதில் மலிவான வழி, வெந்நீரும் வன்மையான பிரஷும். தேய்த்து, காய வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். சில குழிகள் மூன்று நான்கு சுற்றில் அடங்கும். அடங்காவிட்டால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி. பூசி, காய விடாமல் பிரஷால் தேய்த்து, நிறைய நீரால் கழுவி, ஹாட் கன்னால் உடனே காயவைத்து, 120 எண் தாளால் மேல் படலத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் படலத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் அடித்தால் பிடிப்பு குறையும்.

சிறு இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பும் நல்ல வழி. ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பாகத்தில் நெகடிவ், வேண்டாத இரும்புத் துண்டில் பாசிட்டிவ். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் வைக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் கரைந்து தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில் வையுங்கள். கம்பியைத் தொடும் முன் சார்ஜரை அணையுங்கள். அலுமினியத்தை இந்த வாளிக்குள் போடாதீர்கள். ஸ்பிரிங்கையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறினால் ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்குப் போகும்.

இதற்கும் அடங்காத குழி சாண்ட் பிளாஸ்டிங் வேலை. போர்க், ஸ்டாண்டு, ரிம் போன்ற கெட்டிப் பாகமானால் தயங்காமல் கொடுங்கள். பிறை தொழிற்பேட்டைப் பக்கம் பிளாஸ்டிங்கும் பவுடர் கோட்டிங்கும் செய்யும் பட்டறைகள் உண்டு. கொடுக்கும்போதே அங்கேயே பிரைமர் அடித்துத் தரச் சொல்லுங்கள். பிளாஸ்ட் செய்த இரும்பு மிகவும் பசியோடு இருக்கும். பாலம் தாண்டித் தீவுக்குக் கொண்டு வருவதற்குள்ளேயே சிவந்துவிடலாம்.

கடைசித் துடைப்புக்கு விலை குறைந்த கழுவும் தின்னர் வேண்டாம். அது எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது பிரைமர் தயாரிப்பாளரே சொல்லும் துடைப்பானை எடுங்கள். நனைந்த துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக.

அறிகுறி 3: அலுமினியம் நுரைத்தது, பிறகு கறுத்தது

காஸ்டிக் சோடா பட்டிருக்கிறது. வேறு காரணம் தேடவேண்டாம். அடுப்புக் கறை நீக்கி, சாக்கடை அடைப்பு நீக்கி, ஊதா நிற டீகிரீசர்கள் சிலவற்றிலும் இது உண்டு. உட்பொருள் பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு இருந்தால் எஞ்சின் கேஸிங் பக்கம் கொண்டு போகாதீர்கள். இரும்பின் சாயத்தை நன்றாக எடுக்கும் அதே மருந்து அலுமினியத்தையே தின்றுவிடும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன், பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

உடனே நிறைய தண்ணீரால் கழுவுங்கள். மேற்பரப்பு மட்டும் கறுத்திருந்தால், பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த அலுமினியம் பிரைட்னரும் நைலான் பஞ்சும் கறுப்பை எடுக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் சேர்ந்த ரிம் கிளீனரை வீட்டில் தொடவேண்டாம். வலி தெரியும் முன்பே உடம்புக்குள் போகும் விஷம் அது. மேற்பரப்பு சொரசொரவென்று அரித்திருந்தால் பழைய நிலைக்கு வராது. கேஸ்கெட் உட்காரும் முகமோ பேரிங் இருக்கையோ அரித்திருந்தால் போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) காட்டுங்கள். அதை நீங்களே தேய்த்துச் சரிசெய்தால் எண்ணெய் ஒழுகும்.

அறிகுறி 4: பாலிஷ் போட்ட அலுமினியத்தில் சில நாளில் சிவப்புப் புள்ளி

அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. அந்தத் துரு இரும்புடையது. இரும்புக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷின் நுனிகள் மென்மையான அலுமினியத்துக்குள் பதிந்துவிட்டன. 400 எண் ஈரத் தாளால் புள்ளி மறையும்வரை தேய்த்து, மறுபடி எண் வரிசையில் மேலே ஏறுங்கள். இனி அலுமினியத்துக்குத் தனி நைலான் பிரஷ், தனி பஞ்சு, தனி பாலிஷ் சக்கரம். மேல் பக்கத்தில் பெயர் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

வெள்ளைப் பொடி எழும்பினால் அது அலுமினியத்தின் சொந்த அரிப்பு. கடற்கரைச் சாலையில் ஓட்டிய வண்டியில் இயல்பு. நன்னீரில் கழுவி, மெழுகு பூசும் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

அறிகுறி 5: கோடு போகவில்லை, பளபளப்பு வரவில்லை

பெரும்பாலும் எண் தாவியதுதான் காரணம். வரிசை 120, 180, 240, 400, 800, 1200, 2000. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குச் செங்குத்தாகத் தேயுங்கள். பழைய கோடு ஒன்றுகூட மீதமில்லாமல் போன பிறகே அடுத்த எண். 400-க்கு மேல் ஈரத் தேய்ப்பு, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ஆழக் கோடு உடனே தெரியும். 2000-ல் தெரியும் கோட்டை எடுக்க 2000-ஐயே தேய்த்துக்கொண்டிருந்தால் கைதான் வலிக்கும். 240-க்குத் திரும்புங்கள்.

கோடில்லை, ஆனால் கறுப்பு மசி படிந்து மங்கலாக இருக்கிறது: பாலிஷ் கட்டி அதிகம். சோளமாவு தூவி மென்துணியால் துடைத்தால் கொழுப்பு இறங்கும். பழுப்புக் கட்டிக்கு ஒரு சக்கரம், வெள்ளைக் கட்டிக்கு ஒரு சக்கரம்.

ஊசிக்குத்து போன்ற கரும்புள்ளிகள், தேய்க்கத் தேய்க்க அதிகமாகின்றன: அது வார்ப்பின் உள்ளே இருக்கும் காற்றுத் துளை. நிறுத்துங்கள். இன்னும் இறங்கினால் இன்னும் துளை வெளிப்படும், சுவரும் மெலியும். அந்தப் பாகத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு எழுதப்படவில்லை. 400 எண்ணில் ஒரே திசைக் கோடாக நிறுத்தினால் நேர்த்தியாகவே இருக்கும்.

அறிகுறி 6: தகடு நெளிந்தது, அழுத்தினால் டக் டக் என்கிறது

கிரைண்டரை ஒரே இடத்தில் வைத்துச் சூடேற்றியிருக்கிறார்கள், அல்லது பட்டறையில் மணலை நேராக, அதிக அழுத்தத்தில் அடித்திருக்கிறார்கள். உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் வெளியே குதித்தால் தகடு நீண்டுவிட்டது. இதைப் புட்டியால் மறைக்க முடியாது, விரிசல் விடும். ஒடுக்கு தட்டும் கைதேர்ந்தவர் சூடேற்றிச் சுருக்குவார். வீட்டில் செய்கிற வேலையல்ல.

லெக் ஷீல்டு, பக்கக் கவர், மட்கார்டு மூன்றையும் ரிமூவரால்தான் உரிக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டாயம் பிளாஸ்ட் செய்ய வேண்டுமென்றால் நுண்ணிய துகள், 40 முதல் 60 பி.எஸ்.ஐ. அழுத்தம், சாய்வான கோணம் என்று சொல்லிக் கொடுங்கள். "எல்லாத்துக்கும் ஒரே மணல்தான் பாஸ்" என்று பதில் வந்தால் பாகத்தைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். எஞ்சின் கேஸிங்கைக் கொடுத்தால் பேரிங், எண்ணெய்ப் பாதை, திருகுத் துளை எல்லாவற்றையும் அடைத்து, முடிந்தால் பேரிங்கைக் கழற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை மணல் கிராங்க் ஷாஃப்டைக் கெடுத்துவிடும்.

அறிகுறி 7: புதுச் சாயம் சில வாரத்தில் மடிப்போரத்தில் மட்டும் பொங்குகிறது

பரப்பின் நடுவில் எதுவும் இல்லை, தகடு தகட்டோடு சேரும் கோட்டில் மட்டும் கொப்புளம். மடிப்புக்குள் ரிமூவரோ காஸ்டிக்கோ தங்கி மெல்லக் கசிகிறது. கொப்புளத்தைக் குத்தி வரும் நீரைச் சிவப்பு லிட்மஸ் தாளில் தொடுங்கள். நீலமானால் காஸ்டிக்.

அந்த ஓரத்தை மட்டும் உலோகம்வரை உரித்து, வெந்நீரை மடிப்பு வழியாகப் பலமுறை ஓடவிட்டு, காற்றழுத்தத்தால் ஊதி, சூடேற்றி முழுவதும் காயவைத்துப் பிறகு பிரைமர். வராமல் தடுப்பது எளிது. ரிமூவர் பூசும் முன் மடிப்பை அலுமினிய டேப்பால் ஒட்டி, ஓரத்து ஓர் அங்குலத்தைக் கையால் தேய்த்து எடுங்கள். வெஸ்பாவின் பாடி பெட்டிபோல் மூடிய உள்ளறைகள் கொண்டது. அதைக் காஸ்டிக் தொட்டியில் முழுக்காட்ட யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முழுப் பரப்பிலும் உரிகிறது என்றால் பிரைமர் வரிசை தவறு. எட்ச் பிரைமரின் (அமிலம் கலந்த பிரைமர்) மேல் நேராகப் பாலியெஸ்டர் புட்டி போட்டிருப்பார்கள். எபாக்ஸி பிரைமர், அதன்மேல் புட்டி, மறுபடி பிரைமர் என்று போனால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி 8: கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்த வெறும் இரும்பில் அடியில் நூல் நூலாகத் துரு

விளிம்பிலிருந்தோ ஒரு கல் பட்ட புள்ளியிலிருந்தோ புழு ஊர்ந்த தடம்போலச் செம்பழுப்பு நூல் உள்ளே போகும். கிளியரின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. முழுவதும் உரித்துத்தான் ஆகவேண்டும்.

மறுபடி அதையே செய்யும் முன் யோசியுங்கள். கண்ணாடிபோலப் பாலிஷ் செய்த இரும்பில் கிளியருக்குப் பிடி கிடையாது. 320 எண் கோட்டோடு நிறுத்தி, பிடிப்பு ஊக்கி பூசி, அன்றே 2கே (இரு பாகம் கலக்கும்) கிளியர் அடித்தால் கொஞ்சம் நீடிக்கும். 2கே கிளியரில் ஐசோசயனேட் உண்டு. காற்றுக் குழாய் முகமூடி இல்லாத வீட்டில் அதைத் தெளிக்கக் கூடாது, சாயக் கடைக்குக் கொடுங்கள். கடல் பக்கம் தினமும் ஓடும் வண்டிக்கு வெறும் இரும்புத் தோற்றத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. அலுமினியப் பாகங்களை வெறுமையாக விட்டு மெழுகு பூசுங்கள். இரும்புப் பாகங்களுக்கு நிக்கல் முலாமோ உலோக நிறச் சாயமோ போடுங்கள். மழை நனையாத வரவேற்பறையில் நிற்கும் வண்டியானால் மெழுகும் மாதம் ஒருமுறை துடைப்பும் போதும்.

அறிகுறி 9: உரித்ததும் ஓட்டை, கனத்த புட்டி, மெல்லிய கோடு

சாக்கட்டியில் வட்டமிட்ட இடம் இப்போது திறந்திருக்கும். தரைப்பலகையில் விரல் நுனி அளவு ஓட்டை என்றால் ஓட்டையைச் சுற்றிக் கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி இறங்கும் தூரம்வரை தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒட்டுப்பசையும் கண்ணாடி இழையும் அங்கே தாங்காது.

மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தால் அது கீறலா விரிசலா என்று முதலில் பிரித்தறியுங்கள். எண்ணெய் தடவி, துடைத்து, மேலே சாக்கட்டிப் பொடி தூவி அரை மணி நேரம் விடுங்கள். பொடியில் கோடு நனைந்து வந்தால் விரிசல். பக்கக் கவரிலோ மட்கார்டிலோ இருந்தால் வெல்டிங் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். போர்க்கிலோ ஸ்டீரிங் தண்டிலோ எஞ்சின் மாட்டும் இடத்திலோ இருந்தால் பாகத்தை மாற்றுங்கள், அல்லது சேசிஸ் வேலை தெரிந்த போர்மனிடம் கொடுத்து முடிவு கேளுங்கள். அதுவரை அந்த வண்டியைத் தெருவுக்கு இறக்க வேண்டாம்.